முலாம் பூசிய வரலாறு: நடுநாட்டுக் கவரிங் நகைகள் பற்றிச் சில குறிப்புகள்

பண்ருட்டிக்குப் பலாவும் முந்திரியும் பெயர் தந்தன. அதன் அண்டையிலுள்ள நெய்வேலிக்குப் பழுப்பு நிலக்கரி பெயர் தந்தது. கெடிலக் கரையில் அமைந்த பண்ருட்டியில், சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த மூதாட்டியார் ஒருவரின் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர் விட்டுச்சென்ற பொன்னை மக்கள் முறைப்படி பாகம் பிரித்துக்கொண்டனர். பெட்டியில் எஞ்சியிருந்தவற்றை மட்டும், "அதெல்லாம் கவரிங்குங்க" என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தனர். ஃபராயிள் சட்டத்தின்படி ஊசியும் நூலும்கூட மரபுரிமைப் பொருள்களே என்பதை நாம் அங்கே நினைவூட்டவில்லை. அது நம் வேலையும் அன்று.

பெட்டியில் பஞ்சில் பொதிந்த ஓர் அட்டிகை இருந்தது. சிவப்புக் கல் பதித்த ஜிமிக்கி ஓர் இணை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த சவரனைப் போலவே பித்தளையில் வார்த்த காசுகளாலான மாலை ஒன்று. பச்சையும் ஊதாவுமான கண்ணாடி வளையல்கள் ஒரு கை நிறைய. நூல் இற்றுப்போன கருகமணிச் சரம் ஒன்று. விலை பேசினால் அத்தனையும் சேர்ந்து ஒரு குன்றிமணிப் பொன்னுக்கு ஈடாகா. ஆயினும் ஓர் அரை நூற்றாண்டுக் காலம் இவ்வட்டாரப் பெண்கள் எதை அணிந்தனர், எந்த வடிவத்தை விரும்பினர் என்று அறிய விரும்புவோர்க்கு, பாகம் பிரிந்து போன பொன்னைவிட இப்பெட்டியே மிகுதியாகச் சொல்லும் என்பது நம் கருத்து.

காரணம் எளிது. நம் நாட்டில் பொன்நகைக்கு முதுமை இல்லை. தாயின் காசுமாலை மகளின் திருமணத்தில் உருகி ஆரமாகிறது. அவ்வாரம் பேத்தியின் காலத்தில் வளையலாகிறது. உலோகம் நிலைக்கிறது, வேலைப்பாடு அழிகிறது. பத்தரின் உலைக்குத் தப்பிய பழம்பொன் நகை நடுத்தரக் குடும்பங்களில் அரிதினும் அரிது. கவரிங் நகையையோ உருக்கினால் ஒன்றும் தேறாது. ஆதலின் அது உருக்கப்படுவதில்லை. 1950களில் செய்த வடிவம் 1950களின் வடிவமாகவே எஞ்சுகிறது. அதற்கு வரும் ஆபத்து வேறு: மெருகு போனதும் குப்பைக்குச் செல்வது. பொன்னை ஆசை அழிக்கிறது; கவரிங்கை அலட்சியம் அழிக்கிறது.

போலி என்ற சொல்லை நாம் இழிவாகவே கையாளுகிறோம். ஆனால் இக்கடற்கரைக்கு அது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தொழில். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றோரம் உள்ள அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள் கணக்கிலடங்கா. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கும் அத்தொழில்முறை, ஆந்திர மாநிலத்துப் பாப்பநாயுடுப்பேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்து வந்துள்ளது. இம்மணிகளின் பரவலை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றிப் பிற மணிகளைப் போலச் செய்யக் கற்றிருந்தனர் என்றும், பெரில் என்னும் மணியைச் செய்வதில் தேர்ந்திருந்தனர் என்றும் முறையிடும் குரலில் எழுதிவைத்துள்ளார். அவர் முறையீடு நமக்குச் சான்றாயிற்று.

இனி, இஸ்லாமிய மரபின் தொடக்கத்திலேயே விலைமதிப்பற்ற அணிகலன்கள் எத்தகைய இடம் பெற்றிருந்தன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் தொலைத்த கழுத்துமாலையை அறியாத முஸ்லிம் இல்லை. தண்ணீரற்ற இடத்தில் படை தங்க நேர்ந்தது, தயம்மும் பற்றிய வசனம் அருளப்பட்டது ஆகியவை அம்மாலையைத் தேடியதன் தொடர்ச்சி. அம்மாலை பொன்னாலானதன்று, யமன் நாட்டு ழஃபார் என்னும் ஊரின் கோடிட்ட கல்மணிகளாலானது. அதுவும் தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. ஒரு சமூகத்தின் வழிபாட்டுச் சட்டத்தோடு பெயர் பிணைந்த நகை, இரவல் வாங்கிய மணிமாலை!

மற்றொரு செய்தி. பெருநாள் தொழுகைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களிடம் தருமம் கோரியபோது, அவர்கள் தம் காதணிகளையும் ஸிகாப் என்னும் மாலைகளையும் பிலால் (ரலி) அவர்களின் ஆடையில் இட்டனர். ஸிகாப் என்பது கிராம்பு முதலிய நறுமணப் பொருள்களைக் கோத்துச் செய்த மாலை; அதில் பொன்னோ முத்தோ இராது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். கிராம்பு அரபு மண்ணில் விளைவதன்று. கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கடல்வழி வந்தது. மணமே அணியாகவும் மதிப்பாகவும் இருந்த ஒரு காலம் அது.

பிற்கால அறிஞர்களும் இதனைத் தாழ்ந்த பொருளாகக் கருதவில்லை. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் நூல்களுள் ஒன்று, கண்ணாடிக்கு நிறமேற்றுவதையும் செயற்கை மணிகள் செய்வதையும் விளக்குகிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் கஸ்னியில் வாழ்ந்த அல்பிரூனி, மணிகளைப் பற்றி எழுதிய நூலில் மெய்ம்மணியைப் போலியினின்று பிரித்தறியும் வழிகளையும் ஆராய்ந்தார். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எகிப்து, சிரியா, இராக் ஆகிய நாடுகளில் கண்ணாடியிலும் மட்கலத்திலும் பொன்போல் ஒளிரும் பூச்சு கண்டுபிடிக்கப்பட்டது. பொற்கலத்தில் உண்பதற்கு மார்க்கத்தில் உள்ள தடையே அக்கலையை வளர்த்தது என்று கூறுவோர் உளர். அதை முழுமையாக ஏற்க நாம் தயங்குகிறோம். ஒரு கலை பிறப்பதற்குத் தடை மட்டும் போதாது, ஆசையும் வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய அங்காடிக் கண்காணிப்பு நூலில் பொற்கொல்லர்க்கெனத் தனி அதிகாரம் உண்டு. கலப்புள்ள நகையை விற்கும்போது அதில் கலப்பு எவ்வளவு என்பதை வாங்குவோர்க்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் நெறி. அதாவது, குற்றம் பொருளில் இல்லை, மறைப்பதில் உள்ளது. இந்நெறியின்படி பார்த்தால், பெயரிலேயே பூச்சு என்பதை ஒப்புக்கொண்டு விற்கப்படும் கவரிங் நகையைவிட நேர்மையான நகை வேறில்லை. பொன் என்று சொல்லிச் செம்பைக் கூடுதலாகக் கலந்து விற்ற கதைகள் நம் குடும்பங்களில் எத்தனை!

மேலைநாட்டு வரலாற்றை விரைந்து கடந்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் கடிகார வினைஞர் கிறிஸ்டோபர் பின்ச்பெக் செம்பும் துத்தநாகமும் கலந்து பொன்னிற உலோகம் செய்தார். பாரிசில் ஸ்ட்ராஸ் என்பவர் ஈயக் கண்ணாடியில் வைரத்தின் ஒளியைக் கொண்டுவந்தார். 1920களில் கோகோ ஷனேல் போலி முத்தைச் செல்வர் கழுத்துக்கு ஏற்றினார். இன்று அந்நாடுகளில் பழைய அலங்கார நகைகளைத் தேடிச் சேர்ப்போர் பலர். கோடையில் பேக்கலைட் வளையல், குளிர்காலத்தில் கருங்கல்லும் பளிங்கும் எனப் பருவத்துக்கேற்ப அணிவதும் அவர்கள் வழக்கம். அங்கே பழம்பொருள் என்ற மதிப்புடன் ஏலத்துக்கு வருவது, இங்கே பழைய பித்தளை விலைக்குப் போகிறது. வேறுபாடு பொருளில் இல்லை.

நம் கவரிங் தொழிலின் அடிப்படை 1840ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறையாகும். அதற்கு முன் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கினர்; அவ்வாவி வினைஞரின் உயிரைக் குடித்தது. மின்முலாமிலும் நஞ்சு நீங்கவில்லை. பொன் சயனைடு உப்பாகவே கரைசலில் சேர்கிறது. செம்பு அல்லது பித்தளைக் கம்பியை இழுத்து, வளைத்து, பற்றவைத்து, மெருகிட்டு, அழுக்கும் எண்ணெயும் நீங்கக் கழுவிய பின் அக்கரைசலில் தொங்கவிடுவர். மின்னோட்டம் பாயும் சிறு பொழுதில் பித்தளை பொன்னாகத் தோன்றும். பூச்சின் கனம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் அதற்கு முன் நடக்கும் வேலை முழுவதும் பத்தரின் கைவேலையே. அச்சு, கம்பி, கல் பதிக்கும் கூடு ஆகிய எல்லாவற்றிலும் பொன்வேலைக்குரிய நுட்பமே உள்ளது. ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடி இத்தொழிலால் பெயர் பெற்றது. தமிழகத்தில் அப்பெயர் சிதம்பரத்துக்கு உரியது. பண்ருட்டியும் சிதம்பரமும் ஒரே கடலூர் மாவட்டத்தன. ஆதலின் அவ்வட்டிகை எங்கிருந்து வந்தது என்று நாம் நெடிது ஆராய வேண்டியிருக்கவில்லை.

ஜிமிக்கியின் சிவப்புக் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு வேதியியலார் வெர்னாய் 1902ஆம் ஆண்டு செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். அவ்வகைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் குடிசைத் தொழிலாகப் பரவிப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. கண்ணாடி வளையல்களின் கதை வேறு. முதல் உலகப் போருக்கு முன் பொஹீமிய நாட்டுக் கப்லான்ஸ் நகரிலிருந்து வளையலும் மணியும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தன. போர் அவ்வரவைத் துண்டித்தபின் அவ்விடத்தை ஃபிரோசாபாத் நிரப்பியது. அங்கே கண்ணாடித் தொழிலில் முஸ்லிம் சீஷ்கர் சமூகத்தாரின் பங்கு பெரிது. அங்கிருந்து புறப்பட்ட வளையல்கள் நாகூர்க் கந்தூரிக் கடைகள் வரை வந்து சேர்ந்தன.

இத்துணையும் சொன்ன பின், கவரிங் நகையின் வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஓர் ஆண்டுக்கு வருவோம்: 1963. சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அவ்வாண்டு ஜனவரியில் பொன் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தார். 14 காரட்டுக்கு மேல் தூய்மையுள்ள பொன்னில் புதுநகை செய்யலாகாது என்பது அவற்றுள் தலையாயது. 22 காரட்டில் பழகிய மக்கள் 14 காரட்டை நகையென்றே ஏற்கவில்லை. உலோகமும் இறுகியதாகி, பத்தரின் கைக்கு இணங்கவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் வந்தன. சில தளர்வுகளுக்குப் பின் 1966ஆம் ஆண்டு 14 காரட் வரம்பு கைவிடப்பட்டது; ஆயினும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வடிவில் கட்டுப்பாடு நீடித்து, 1990ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீங்கியது.

கவரிங் தொழில் இச்சட்டத்தால் பிறந்ததன்று, முன்னரே இருந்தது. ஆனால் பொன் தொட முடியாத கைகள் பித்தளையைத் தொட்டன என்று ஊகிக்க இடமுண்டு. 1960களின் கவரிங் நகைகளில் காணும் வேலைச் செறிவுக்கு நாம் வேறு காரணம் காணவில்லை. அப்பெட்டியின் அட்டிகையில் மாங்காய் வடிவங்கள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மணியிழை ஓடுகிறது. அது அச்சில் வார்த்ததன்று, கையால் பற்றவைத்தது. நூறு சவரன் அட்டிகைக்குரிய உழைப்பு. அதன்மேல் பூசப்பட்டிருப்பதோ சில மில்லிகிராம்.

பொன் வாங்க வழியற்றோர் மட்டும் இதனை அணிந்தனர் என்பது தவறு. வழியுள்ளோரும் பருவம் பார்த்து அணிந்தனர். சித்திரை வைகாசியில் இவ்வட்டாரத்து வெயில் கொடிது. வியர்வையின் உப்பு, தேய்ந்த பூச்சின் ஊடே செம்பைத் தீண்டும்போது களிம்பு ஏறும். கழுத்தில் பச்சைத் தடம் விழும். ஆகவே கோடையில் கண்ணாடி வளையலும் மணிச்சரமுமே அன்றாட அணி. கவரிங் அட்டிகை நிக்காஹ் மண்டபத்தில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும். வந்ததும் உலர்ந்த பஞ்சால் துடைத்து வைத்துவிடுவர். முந்திரிக் காலமும் அதுவே. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொத்துவிக்கும், கையைக் கறுக்கச் செய்யும். கொட்டை உடைக்கும் பெண்கள் மோதிரம் அணிந்து அவ்வேலையில் அமர்வதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் எதிரி வியர்வையன்று, ஈரம். பெட்டிக்குள் சுண்ணக்கட்டித் துண்டு ஒன்றை இட்டு வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சும் என்பதைப் பள்ளி செல்லாத பெண்களும் அறிந்திருந்தனர். அப்பெட்டியின் மூலையிலும் அது கிடந்தது. அத்தரை முதலில் பூசி, காய்ந்த பிறகே நகை அணிய வேண்டும் என்பது இன்னொரு விதி. நகையின் உட்புறம் நிறமற்ற நகப்பூச்சு தடவுவது பிற்காலத்துப் புத்தி. கனத்த அட்டிகையும் ஒட்டியாணமும் மார்கழி, தை மாதங்களுக்கே உரியன.

முஸ்லிம் வீட்டில் இப்பருவக் கணக்கு சற்றுச் சிக்கலானது. நம் பெருநாள்கள் சந்திர மாதத்தைப் பின்பற்றுவன. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவன. 2000ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நோன்புப் பெருநாள் வந்தது. 2021ஆம் ஆண்டில் மே மாதத்தின் நடுவில் வந்தது. முன்னதில் அணிந்த அட்டிகையைப் பின்னதில் அணிய இயலாது. ஆகவே ஒரு பெண்ணின் பெட்டியில் பனிக்கால நகையும் கோடை நகையும் மழைக்கால நகையும் ஒருங்கே இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் பொன்னில் செய்து வைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

கருகமணி மட்டும் பருவத்துக்குக் கட்டுப்படவில்லை. தமிழ் முஸ்லிம் மணமகளின் கழுத்தில் ஏறும் அச்சரத்தின் உயிர் கறுப்புக் கண்ணாடி மணியே. இடையிடையே பொன்மணி சேர்ப்பது வசதியைப் பொறுத்தது. மார்க்கம் அதனைக் கட்டாயமாக்கவில்லை. மார்க்கம் கேட்பது மஹர். அதுவும் இரும்பு மோதிரமேனும் போதும் என்ற அளவில். கருகமணி வழக்கால் வந்தது. ஆயினும் பல குடும்பங்களில் அதிக மரியாதைக்குரிய நகை அதுவே என்பது, மதிப்புக்கும் விலைக்கும் உள்ள தொலைவைக் காட்டுகிறது.

மார்க்க அறிஞர்கள் பூச்சு நகை பற்றிப் பேசியுள்ளனரா என்ற வினா எழும். பேசியுள்ளனர், நுணுக்கமாகவே. இரும்பு, பித்தளை மோதிரங்களை ஹனஃபி அறிஞர்கள் ஆண் பெண் இருவர்க்கும் விரும்பத்தகாதவை என்பர். ஆனால் இரும்பு வெளியே தெரியாதவாறு வெள்ளி போர்த்திய மோதிரத்தில் தவறில்லை என்று ஃபதாவா ஆலம்கீரி போன்ற தொகுப்புகள் கூறுகின்றன. ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவீயோ, இரும்பு மோதிரம் பற்றிய நபிமொழியைச் சான்றாக்கி, அது வெறுக்கத்தக்கதன்று என்றார். ஸகாத்திலும் இரு மத்ஹபுகள் பிரிகின்றன. பெண்கள் அணியும் ஆகுமான பொன்நகைக்கு ஷாஃபி முறையில் ஸகாத் இல்லை. ஹனஃபி முறையில், 87.48 கிராம் என்னும் நிஸாபை எட்டினால் உண்டு. பிரித்தெடுக்க இயலாத முலாம் எம்முறையிலும் பொன்னாகக் கணக்கிடப்படுவதில்லை. கடைக்காரரின் இருப்பிலுள்ள கவரிங் நகைக்கோ, வணிகச் சரக்கு என்ற முறையில் ஸகாத் உண்டு. இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். மஹ்மூது பந்தர் என்று வழங்கிய பரங்கிப்பேட்டை முதலான கடற்கரை ஊர்களின் மரக்காயர்கள் ஷாஃபிகள். ஒரே மாவட்டத்தில், ஒரே அளவு நகையுடைய இரு பெண்களுள் ஒருவர் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க, மற்றவர் பார்க்க வேண்டியதில்லை. ஸகாத்துக்கு அஞ்சி எவரும் கவரிங்குக்கு மாறியதாக நாம் கேள்விப்படவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மீண்டும் காய்க்கச் சில ஆண்டுகள், பலா பயன் தர அதனினும் பல ஆண்டுகள். இத்தகைய காலங்களில் ஒரு வீட்டின் பொன் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை, அடகுக்கடை அறியும். அந்த வீட்டிலும் அதுவே நடந்தது என்றனர். அடுத்த ஆண்டு நடந்த பேத்தியின் நிக்காஹில் மணமகள் கழுத்தில் இருந்தது இப்பெட்டியின் அட்டிகை. சிதம்பரத்துக்கு அனுப்பி மறுமுலாம் பூசி வாங்கியதாம். அன்று பந்தியில் இருந்தோர் அதைப் பொன்னென்றே எண்ணினரா, அறிந்தும் பேசாதிருந்தனரா என்று நாம் கேட்டோம். "தெரிஞ்சவங்க எல்லாருமே எங்களை மாதிரி மரம் விழுந்தவங்கதாங்க" என்று விடை வந்தது.

2025ஆம் ஆண்டில் 22 காரட் பொன் ஒரு சவரன் 70,000 ரூபாயைக் கடந்தது. கவரிங் கடைகளில் கூட்டம் குறைவில்லை. ஆனால் இன்று விற்பவை பெரும்பாலும் எந்திர அச்சில் பிறந்தவை. கையால் பற்றவைத்த பழைய நகைகளைத் தேடிச் சேர்ப்போர் நம்மிடையே மிகச் சிலர். நாம் கண்ட அருங்காட்சியகங்களில் பொன்னும் வெண்கலமும் அரிக்கமேட்டு மணிகளும் உண்டு. 1963ஆம் ஆண்டுக் கவரிங் அட்டிகை ஒன்றுகூட இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய போலிமணி கண்ணாடிப் பேழைக்குள் இருக்க, அறுபது ஆண்டுக்கு முந்தியது குப்பையில் கிடப்பது விந்தையே.

சேர்க்க விரும்புவோர்க்கு ஒன்று சொல்லலாம். பழைய நகை மங்கியிருந்தால் உடனே மறுமுலாமுக்கு அனுப்பிவிடற்க. மங்கிய பூச்சுக்கு அடியில்தான் பற்றவைத்த தடமும் வினைஞரின் கைப்போக்கும் தெரியும். நகையோடு அது வந்த அட்டைப்பெட்டியையும் காத்தல் வேண்டும். நாம் பார்த்த அட்டிகையின் பெட்டியில் கடையின் பெயரைப் பூச்சி அரித்துவிட்டது. தொலைபேசி எண் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது மூன்றே இலக்கம்.